ஷிப்டில் உள்ளவர்கள்

தெருப் பெருக்க வந்த தனம் கையைத் தூக்கியபோது அந்தக் கையில் விளக்குமாறும் இருந்தது. அதனால்தான் முதலில் யாருக்கும் அது உறைக்கவில்லை. மரத்தில் எதையோ தட்டிவிடத் தூக்குகிறாள் என்று நினைத்தவர்களும் உண்டு. மடக்கு நாற்காலியில் நோட்டோடு உட்கார்ந்திருந்த நல்லசாமிதான் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன தனம்?"

"கொழா இருக்கட்டும்ங்கறவங்க கையத் தூக்குங்கன்னு சொன்னீங்களேண்ணே. தூக்கிக்கினு இருக்கறேன்."

"நீயா?"

"ஏன், செவுத்துல அப்பிடித்தான எழுதி ஒட்டியிருக்குது. அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கறேண்ணே நானு."

நல்லசாமி பம்பு ஷெட் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த தாள் அவர் கையெழுத்தில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பேனாவைக் காதோரம் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, மற்ற கோடுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டார்.

நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் வேங்கைத் தெருவில் இருபத்தெட்டு குவார்ட்டர்ஸ். தெருக்கோடியில் ஒரு பலாமரம், மரத்தடியில் பொதுக்குழாய். குழாயின் கழுத்து கசிந்து சுற்றிலும் எப்போதும் சேறு. அந்தச் சேற்றுக் கொசுதான் கடித்தது என்று எதிர்வீட்டு ராஜ்மோகனின் மகள் கிருஷ்ணப்ரியா பதினோரு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள். குழாயை அடைத்துவிடலாமா, இருக்கட்டுமா என்பதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையின் கேள்வி. சாயங்காலம் எல்லாக் கையையும் எண்ணி முடித்தபோது அடைக்கலாம் என்றவை இருபத்தாறு, இருக்கட்டும் என்றவை இருபத்தேழு.

அந்த ஒரு கை யாருடையது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. விளக்கு வைப்பதற்குள் தெரு இரண்டாகிப் போனது.

"நீங்க ஏனுங்க அதைக் கணக்குல எடுத்தீங்க?" என்று விஜயகுமாரி அன்று சோறு போடும்போது புருஷனைக் கேட்டாள். அவள் கை அடைக்கலாம் என்ற பக்கம் போயிருந்தது. கிருஷ்ணப்ரியா படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் மூன்று நாள் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"கை மேல போச்சு, எழுதினேன்."

"அவ நம்ம தெருவுல குடியிருக்காளா?"

"மைன்ஸ்ல, எறங்கி நிக்கறவன் கையத் தூக்கினா மேல இருக்கறவன் மெஷின நிறுத்திப் போடணும் விஜயா. பெர்மனெண்டா, காண்ட்ராக்டா, யாரு கைன்னெல்லாம் பாக்கறதில்ல. பாத்துட்டு இருந்தா ஆளு போயிருவான். முப்பத்தாறு வருசம் அப்படியே பழகிருச்சு."

"இது மைன்ஸ் இல்லீங்க."

"அதுவும் செரிதான்," என்று நல்லசாமி ரசத்துக்குக் குழி பறித்தார்.

*

அந்தக் கைதூக்குதல் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் விடும் நேரத்தை மாற்றப்போவதாக ஒரு பேச்சு வந்தது. தெருவுக்கு எந்த நேரம் வசதி என்று ஆபீசில் கேட்டார்கள். தெருவின் சார்பாக நாலு ஆண்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், காலை ஐந்து மணி என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நாலு பேரும் ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஆறு மணிக்கு மைன்ஸில் இருக்க வேண்டியவர்கள், அவர்களுக்கு அது வசதி. நைட் ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு மேல் உடம்பெல்லாம் கரித்தூளோடு வருகிறவர்கள் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

மறுநாள் ஒருவர் துண்டோடு தெருவில் நின்று கத்தினார். "நான் மெஷின்மேல முழிச்சிக்கிட்டு நிக்கிற நேரத்துல, என் வீட்டுக்கும் சேத்து நீங்க தலையாட்டிட்டு வந்திருக்கீங்க. உங்கள யாருய்யா அனுப்புனது?"

யாரும் அனுப்பவில்லைதான். எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் ஓட்டுப் போட்டிருந்தார்கள். தெருவிளக்குக்கும் தண்ணீருக்கும் யார் ஓட்டுக் கேட்டு வந்தார்கள்?

சமாதானம் பேச ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டார்கள். செகண்ட் ஷிப்டுக்குப் போனவர்கள் இல்லாமலே முடிவு செய்து ஒரு தாளில் எழுதி ஒட்டினார்கள். திங்கள்கிழமை செகண்ட் ஷிப்ட்காரர் ஒருவர் வந்து அந்தத் தாளைக் கிழித்தார். அப்போதுதான் விஜயகுமாரி, கையில் அரிசி களைந்த பாத்திரத்தோடு, கேட்டில் நின்றபடியே சொன்னாள்.

"இந்தத் தெரு மொத்தமும் முழிச்சிருக்கற நேரம்னு ஒண்ணு இருபத்துநாலு மணி நேரத்துல கெடையாதுங்க. அதனால ஒரு தடவ கூடிப் பிரயோசனமில்ல. ஒரே கேள்விய மூணு தடவ கேளுங்க. நைட் ஷிப்ட் வந்து டிபன் சாப்ட்டதும் ஒருக்கா. செகண்ட் ஷிப்ட் கெளம்பறதுக்கு முன்னால ஒருக்கா. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வந்து தூங்கி எந்திரிச்சதும் ஒருக்கா."

முதலில் சிரித்தார்கள். பிறகு சிரித்தவர்களே காலை ஏழரைக்கு மரத்தடியில் வந்து நின்றார்கள். காலை ஏழரை, பதினொன்று, மாலை நாலு. ஒரே கேள்வி, அதே வார்த்தைகள். ஒருவர் ஒரு நேரத்தில்தான் கை தூக்கலாம். ஏழரை மணிக் கணக்கும் பதினொரு மணிக் கணக்கும் பம்பு ஷெட் சுவரில் கரித்துண்டால் எழுதியிருக்கும். நாலு மணிக்குக் கூட்டிப் பார்ப்பார்கள். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, ஆபீசுக்கு யாராவது போனாலும் சுவரில் இருப்பதைச் சொல்லிவிட்டு வரத்தான் போவார்கள்.

நல்லசாமி அழகாக எழுதுவார் என்று விதிகளை எழுதும் வேலை அவரிடம் வந்தது. அவர் ஒரு பழைய லாக் புக்கின் மிச்சத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார், நோட்டின் முதல் பக்கத்திலும் எழுதிவைத்தார்.

'தெருவில் ஷிப்டில் உள்ள அனைவருக்கும் ஆளுக்கு ஒரு கை. யாருக்காகவும் யாரும் கை தூக்கக் கூடாது.'

மைன்ஸ் லாக் புக்கில் ஒவ்வொரு நாளும் முதல் வரி 'ஷிப்டில் உள்ளவர்கள்' என்றுதான் ஆரம்பிக்கும். அதற்குக் கீழே பெயர்கள். மண்ணை வாரும் பக்கெட் வீல் மெஷின்மேல் உட்கார்ந்து பத்தாயிரம் தடவை எழுதிய கை அது. குடியிருப்பவர்கள் என்று எழுத நினைத்து ஷிப்டில் உள்ளவர்கள் என்று எழுதிவிட்டது. வாசித்த எல்லோருமே மைன்ஸ்காரர்கள், அவர்களுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். நோட்டை வாங்கிக்கொண்டுபோய் எழுதிக்கொண்டார்கள். இப்போது ஒன்பது தெருக்களில் மாதத்தில் ஒரு ஞாயிறு மூன்று முறை கூடுகிறார்கள். டவுன்ஷிப் முழுக்க, தெருவுக்குத் தெரு இப்படி ஆக வேண்டும் என்று விஜயகுமாரிக்கு ஆசை. சைக்கிளில் போய், டீ குடித்து, எடுத்துச் சொல்லி, திரும்பிவந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்வாள்.

இப்போது அவளுக்கே தெரு இல்லாமல் போகப்போகிறது. மே முப்பத்தொன்றோடு நல்லசாமி ரிடையர். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து என்ற ஊரில் சின்னதாக ஒரு வீடு வாங்கிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் போனால் அரைமணிகூட ஆகாது. ஆனால் தெருவை விட்டுப் போனால் கை இல்லை.

*

புதன்கிழமை சாயங்காலம் ராஜ்மோகன் அரைப் பலாப்பழத்தை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். கன்வேயர் செக்‌ஷன். வந்த புதிதில் நல்லசாமியை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்து, அதனால் விஜயகுமாரி மதினி ஆகியிருந்தாள்.

கூடத்தில் அட்டைப்பெட்டிகள். கால் வைக்க இடமில்லை. கத்திரி வெயில் ஓட்டுக்கு மேல் இன்னும் இறங்காமல் நின்றது.

"சாமான் கட்டியாச்சா மதினி?"

"கட்டிட்டே இருக்கறேன் தம்பி. என்னத்தக் கட்டறது, என்னத்த உடறது. இதப் பாருங்க." அவள் மைன்ஸ் கரிக்கட்டி போட்டு எரிக்கும் ஒரு பழைய இரும்பு அடுப்பைக் காட்டினாள். "லெக்கோ அடுப்பு. நாங்க வந்த புதுசுல இதுலதான் சமையல். பத்த வைக்கறதுக்குள்ள கண்ணு ரெண்டும் செவந்துரும். பத்திக்கிச்சுன்னா மத்தியானம் வரைக்கும் அணையாது. அதுலயே வெந்நி, அதுலயே பருப்பு, ராத்திரி பாலு. உங்கண்ணாச்சி எடைக்குப் போடுங்கறாரு."

"போட்டுராதீங்க. லெக்கோ வாசன இன்னும் என் மூக்குல நிக்கி."

"மொத நாளு சங்கு ஊதினப்ப என்ன பண்ணினேன் தெரியுமா. எங்கூர்ல சங்கு ஊதினா யாரோ செத்துப் போயிட்டாங்கன்னு அர்த்தம். நான் கொடத்தத் தூக்கிட்டுத் தெருவுல ஓடறேன், யாருங்க, யாருங்கன்னு. பக்கத்து வீட்டம்மா சிரிச்சு உருண்டுச்சு. ஷிப்டு மாறுதுடி, யாரும் சாகலன்னு."

ராஜ்மோகன் சிரித்தான். சுளையை எடுத்துத் தட்டில் வைத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"அண்ணாச்சி, அடுத்த மாசம் நீங்க இருக்க மாட்டீங்க, வார ஞாயித்துக்கெழமயே கூட்டம் போட்டு இத ஒரு கேள்வியா வச்சிருவம். ரெண்டு வரிதான்."

நல்லசாமி வாங்கி வாசித்தார். "'இத்தெருவில் குடியிருப்பவர்களுக்கும், பத்து வருடத்துக்குக் குறையாமல் குடியிருந்து ரிடையர் ஆனவர்களுக்கும் மட்டும் கை உண்டு.'"

"பாத்தீங்களா? மதினிக்குக் கை போவாது. நீங்க வடக்குத்துல இருந்தாலும் வந்து தூக்கிட்டுப் போவலாம். மதினி ஆரம்பிச்சது இது. மதினிக்கே கை இல்லன்னா அதென்ன நியாயம்? நாலு பேருகிட்ட கேட்டேன், எல்லாரும் சரிதான்னுட்டாவ."

விஜயகுமாரிக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. ஒரு வாரமாக யாரிடமும் சொல்லாமல் பெட்டிகளுக்குள் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்ததை இவன் வாயால் சொல்லிவிட்டான்.

"தனம்?" என்றார் நல்லசாமி.

ராஜ்மோகன் தட்டைப் பார்த்தான். "தனம் நல்ல பொம்பள அண்ணாச்சி. நான் ஒண்ணும் கொற சொல்லல. எம்புள்ள படுத்துக் கெடந்தப்ப வேப்பெல கொண்டாந்து போட்டது அதுதான். ஆனா இன்னைக்கு அது, நாளைக்குத் தண்ணி லாரிக்காரன், பேப்பர் போடுறவன். எங்க நிறுத்த? இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன், அஞ்சு பேரு கமிட்டி போடுங்கன்னு. கேக்கல."

"நான் எழுதினது தப்புதானுங் தம்பி. கைப்பழக்கம்."

"அதத் திருத்திருவம்ங்கேன்."

"திருத்தலாம். ஆனா இந்த 'மட்டும்'ங்கற வார்த்த இதுக்கு முன்னால நோட்டுல எங்கயும் இல்லீங். பாத்துக்கங்க."

அவன் போன பிறகு விஜயகுமாரி பலாக்கொட்டைகளைப் பொறுக்கிக் கழுவினாள்.

"நீங்க என்னங்க, வூட்டுக்கு வந்தவர்கிட்ட."

"நான் ஒண்ணுஞ் சொல்லலியே."

"எனக்குக் கை வேணும்னு உங்களுக்குத் தோணலியா?"

"உனக்கு வேணும்னு தெரியும்," என்றார் நல்லசாமி. "அதனாலதான் ஒண்ணுஞ் சொல்லல."

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கிண்ணத்தில் பலாக்கொட்டைக் குழம்பை ஊற்றிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனாள்.

அந்தப் பலாமரம் அவள் போட்ட கொட்டை. காடாம்புலியூரிலிருந்து நல்லசாமி சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்த முதல் பழம். சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைச் சுட மனசு வராமல் ஒன்றைக் குழாயோரம் ஊன்றினாள். அதே குழாய்த் தண்ணீர்தான். ஏழு வருஷம் காய்க்கவில்லை. பிறகு அடிமரத்திலேயே குலைகுலையாகத் தொங்கியது. அது கொட்டுகிற இலையைப் பத்தொன்பது வருஷமாகத் தனம் பெருக்குகிறாள்.

தனம் தள்ளுவண்டியை நிழலில் விட்டு, குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தூக்கில் கேழ்வரகுக் கூழ். பக்கத்தில் ஒரு பச்சை மிளகாய்.

"உக்காருங்கக்கா. சேறு இல்லாத எடமாப் பாத்து உக்காருங்க."

"கொழம்பு கொண்டாந்தேன்."

"கூழுக்குப் பலாக்கொட்ட கொழம்பா. போவும்போது நல்லாதான் கவனிக்கறீங்க."

தூரத்தில் மைன்ஸ் பக்கம் கன்வேயர் ஓடுகிற சத்தம் தேய்ந்து தேய்ந்து வந்தது.

"தனம், அன்னைக்கு ஏன் கையத் தூக்கின? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?"

"யோசிச்சிருப்பேன். உனக்காக நான் இருக்கட்டும்னு தூக்கியிருப்பேன்."

"அதான் கூடாதுன்னு எழுதியிருக்குதே. யாருக்காவவும் யாரும் தூக்கக் கூடாதுன்னு." தனம் மிளகாயைக் கடித்தாள். "ரெண்டு வருசமா அத்தப் படிச்சிக்கினு இருக்கறேன். ஷிப்டுல உள்ள எல்லாருக்கும்னு போட்டிருக்குது. எனக்கும் காலைல ஆறுல இருந்து ரெண்டு வரைக்கும் இந்தத் தெருவுலதான் ஷிப்டு. சூப்பர்வைசர் நோட்டுல எம்பேருக்கு நேரா வேங்கைத் தெருன்னுதான் எழுதறாரு. செரி, நம்மளையும் சேத்துத்தான் எழுதியிருக்கறாங்கன்னு நெனச்சிக்கினேன். ஆனா தூக்கினதில்ல."

"ஏன்?"

"எனக்கென்னா அதுல. வெளக்கு எந்தக் கம்பத்துல இருந்தா என்னா. கொழான்னு வந்தப்பதான் தூக்கினேன். இத்த அடச்சிட்டா நான் தண்ணிக்கு எங்கக்கா போவேன்? வூடு வூடா கேட்டத் தட்டணும். தருவாங்க. நீங்களும் தருவீங்க. ஆனா தட்டணும்."

விஜயகுமாரி கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"எங்க ஊருல கூட்டம்னா கோயிலாண்ட போடுவாங்க," என்றாள் தனம். "எங்கப்பாரு, எங்க ஆளுங்கல்லாம் தூர ஒதுங்கி நிப்பாங்க. நெலம் உள்ளவங்க பேசுவாங்க. பேசி முடிச்சதும் ஒருத்தரு வந்து, இதாம்பா முடிவுன்னு சொல்லிட்டுப் போவாரு. அப்புறம் ஊரே போயிடிச்சு, மைன்ஸுக்கு. நின்னுக்கினு இருந்தவங்க எடமும் பள்ளம், உக்காந்துக்கினு இருந்தவங்க எடமும் பள்ளம். ஒரே மட்டம்." அவள் சிரித்தாள். "அண்ணன் ஓட்டுன மெஷினுதான் தோண்டிச்சோ என்னமோ. கேட்டுப் பாருங்க."

"கேக்க மாட்டேன்."

"சும்மா சொன்னேங்கக்கா. அவுரு என்னா பண்ணுவாரு, ஷிப்டு."

விஜயகுமாரி ராஜ்மோகன் கொண்டுவந்த தாளைப் பற்றிச் சொன்னாள். மறைக்கவில்லை. தன் கை நிற்கும் என்பதையும் சொன்னாள். தனம் கேட்டுக்கொண்டே தூக்கைக் கழுவினாள்.

"உங்களுக்குக் கை இருக்கணுந்தாங்கக்கா. நீங்க பண்ணது இது."

"நீ ஞாயித்துக்கெழம தூக்குவியா?"

"இல்ல. எனக்குக் கை இருக்குதா இல்லியான்னு நானே எப்பிடிக் கையத் தூக்கிச் சொல்றது? அது நீங்கள்லாம் சொல்லுங்க. நான் அந்தக் கோடியில பெருக்கிக்கினு இருப்பேன்." கிண்ணத்தை நீட்டினாள். "உப்பு ஒரு கல்லு கம்மி. போற அவசரம்."

*

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அனல். ஏழரை மணிக்குக் கண் சொருகச் சொருக நைட் ஷிப்ட்காரர்கள் வந்தார்கள். மாற்றலாம் பதினொன்று, வேண்டாம் எட்டு. பதினொரு மணிக்கு மாற்றலாம் ஒன்பது, வேண்டாம் பத்து. சொன்னது போலவே தனம் தெருவின் மறுகோடியில் முதுகைக் காட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். விளக்குமாறு சத்தம் மட்டும் மரத்தடிவரை வந்தது.

கரித்துண்டில் எழுதிய எண்களை விஜயகுமாரி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். ஒருவர் கை தூக்கும் நேரத்தை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். அவள் எப்போதும் நாலு மணிதான்.

மத்தியானம் படுத்தாள், தூக்கம் வரவில்லை. வடக்குத்து வீட்டை நினைத்துப் பார்த்தாள். வாசலில் மரம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. அங்கே தண்ணீர் நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? யாரோ. அரைமணி பஸ் ஏறி வந்தால் போதும், இங்கே தன் கையை எண்ணுவார்கள். ஐம்பத்தெட்டு வயதில் இதைவிட வேறென்ன வேண்டும்? தகப்பன் வீட்டில் அவளைக் கேட்டு எதுவும் நடந்ததில்லை. கல்யாணமும் அப்படித்தான். முதன்முதலில் அவளை ஒரு கேள்வி கேட்டது இந்தத் தெருதான், அதுவும் அவளே கேட்க வைத்த பிறகு.

நாலு மணிக்குப் போனாள். மற்ற நாளைவிடக் கூட்டம் அதிகம். ராஜ்மோகனும் அவன் மனைவி தேவயானியும் வந்திருந்தார்கள். தேவயானி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், டியூட்டி முடித்த சேலையோடு நின்றாள்.

நல்லசாமி கேள்வியை வாசித்தார். 'மட்டும்' என்ற இடத்தில் அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"மாத்தலாம்ங்கறவங்க கையத் தூக்குங்க."

ராஜ்மோகன் முதலில் தூக்கினான். பக்கவாட்டில் பார்த்தான். தேவயானியின் கை தோள்பையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி," என்றான் மெதுவாக.

"எங்க வார்டுல ராத்திரி மூணு மணிக்கு ஆயாம்மா இல்லன்னா ஒரு வேல ஓடாது," என்றாள் அவள், அவன் பக்கம் திரும்பாமல். "ஷிப்டுல உள்ளவங்கன்னா அவங்களும்தான். எனக்கு வேற அர்த்தம் தெரியாது."

"அப்ப புள்ளைக்குக் காச்ச வந்தது?"

"அது சேத்தால வந்தது. தனத்தால வரல."

யாரோ சிரித்தார்கள். ராஜ்மோகன் கையை இறக்கவில்லை. இன்னும் சில கைகள் ஏறின. பெண்கள் நாலைந்து பேர் பாதி தூக்கிய கையோடு விஜயகுமாரியைப் பார்த்தார்கள். அவளுக்காகத்தானே இது.

விஜயகுமாரி தன் வலது கையைப் பார்த்தாள். லெக்கோ அடுப்பில் சுட்ட பழைய தழும்பு மணிக்கட்டில் இருந்தது. கை முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தது. தூக்கச் சொன்னால் தூக்கும். மறுகோடியில் பெருக்கும் சத்தம் இல்லை. தனம் ரெண்டு மணிக்கே போயிருப்பாள். போகும் முன் மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டுப் போயிருந்தாள். சருகு ஒன்றுகூட இல்லை.

"பதினொண்ணு," என்று நல்லசாமி எழுதினார். "வேண்டாம்ங்கறவங்க."

விஜயகுமாரியின் கை மேலே போனது. பாதியில் நின்றிருந்த அந்தப் பெண்களின் கைகளும் போயின. தேவயானி, அப்புறம் இன்னும் கொஞ்சம் பேர். நல்லசாமி ஒவ்வொரு கோடாகப் போட்டார். தன் மனைவியின் கோட்டை மற்றதைவிட நீளமாகவோ குட்டையாகவோ போடவில்லை.

மாற்றலாம் முப்பத்தொன்று. வேண்டாம் முப்பத்துநாலு.

ராஜ்மோகன் பக்கத்தில் வந்து நின்றான். "உங்களுக்காவத்தான் மதினி எழுதுனேன்."

"தெரியும் தம்பி. நல்ல மனசோடதான் எழுதினீங்க. என் கை போறது போகட்டும். அந்த வார்த்த நோட்டுல ஏற வேண்டாம். ஏறிடுச்சுன்னா அடுத்தது யாரைன்னு பாத்துட்டே இருக்கும்."

அவன் சேற்றைப் பார்த்தபடி நின்றான். "அப்ப கொழாய்க்கு என்னதான் வழி?"

"அது ஒரு கேள்விதான? எழுதிக் குடுங்க. அடுத்த மாசம் கேப்பாங்க."

'கேப்பாங்க' என்று சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. 'கேப்போம்' இல்லை.

*

முப்பத்தொன்றாம் தேதி கழுத்தில் மாலையோடு மைன்ஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார் நல்லசாமி. நோட்டைத் தேவயானியிடம் கொடுத்தார். லெக்கோ அடுப்பு எடைக்குப் போகவில்லை, லாரியில் கடைசியாக ஏறியது.

வடக்குத்தில் காற்று சாதகமாக இருந்தால் சங்கு கேட்கும். ரெண்டு மணிச் சங்குக்கு நல்லசாமி பழக்கத்தில் எழுந்து சட்டையைத் தேடுவார். "உக்காருங்க, இனி உங்களுக்கு எல்லா ஷிப்டும் லீவுதான்," என்பாள் விஜயகுமாரி. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிந்தது. தெருமுனையில் தண்ணீர்த் தொட்டி நேரம் யார் வைக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

ஆடியில் தேவயானி ஃபோன் செய்தாள். "அக்கா, இந்த ஞாயித்துக்கெழம இவரு கேள்விதான். குழாயைச் சுத்தி மேடை கட்டி, ஒரு வடிகால் வெட்டி, வீட்டுக்கு ஒரு ஆளு ஒரு மணி நேரம் வேலை செய்யலாமான்னு. நீங்க சும்மாவாவது வந்து பாருங்க."

"நீங்களும் வாங்களேன்," என்று விஜயகுமாரி நல்லசாமியைக் கூப்பிட்டாள்.

"நான் வந்தா நோட்டக் கேப்பேன். நீ போயிட்டு வா."

பதினொரு மணிக் கூட்டத்துக்குக் கால்மணி முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள். ஆடிக்காற்று பலா இலைகளைத் தெரு முழுக்க வாரி இறைத்திருந்தது. பழைய வீட்டு வாசலில் வேறு யாரோ கோலம் போட்டிருந்தார்கள். அதைப் பார்க்காமல் தாண்டிப் போய், மரத்தடிக் கூட்டத்திலிருந்து தள்ளி, பம்பு ஷெட் ஓரமாக நின்றாள். எல்லோரும் வாங்க வாங்க என்றார்கள். சிரித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கூட்டத்துக்கு வெளியே நின்று கூட்டத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சென்று வந்து அவள் பக்கத்தில் நின்றது.

"ஏன் இங்க ஒதுங்கிக்கினு?"

"பாக்கத்தான் வந்தேன் தனம். எனக்கென்ன கை."

தனம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். வண்டிக்குள் கையை விட்டு இரண்டாவது விளக்குமாற்றை உருவினாள்.

"இந்தாக்கா. பெருக்கு."

பத்தொன்பது வருஷத்தில் அவள் 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை. விஜயகுமாரி சுவரைப் பார்த்தாள். தாள் மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, ஓரம் சுருண்டிருந்தது. எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

பழைய வீட்டு வாசலிலிருந்து ஆரம்பித்தாள்.

"காத்துக்கு எதுத்தாப்புல பெருக்காத. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பெருக்கிக்கினே இருக்கணும். இப்பிடி, சாச்சிப் புடி."

"முப்பத்தாறு வருசம் வாசல் பெருக்கினவடி நானு."

"அது வாசலு. இது தெரு."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. புது வீட்டுக்காரி கேட்டுக்கு வந்து நின்றாள். இரண்டு பேரும் தெருவின் இரண்டு ஓரமாக இலைகளை ஒதுக்கிக்கொண்டே வந்து குழாயடியில் சேர்ந்தார்கள். விஜயகுமாரிக்கு மூச்சு வாங்கியது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது.

ராஜ்மோகன் அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"இது எந்த ஷிப்ட் மதினி?"

"ஃபர்ஸ்ட் ஷிப்ட் தம்பி. ரெண்டு மணிக்கு முடியும்."

"சூப்பர்வைசர் யாரு?"

"நாந்தான்," என்றாள் தனம். "சீக்கிரம் கேளுங்கண்ணே, வேல கெடக்குது."

தேவயானி நோட்டைப் பிரித்தாள். "மேடை கட்டலாம்ங்கறவங்க கையத் தூக்குங்க."

விஜயகுமாரி தூக்கினாள். அவசரத்தில் விளக்குமாற்றைக் கீழே வைக்க மறந்திருந்தாள். அதிலிருந்து ஒரு பலா இலை கழன்று அவள் தோளில் விழுந்தது. பக்கத்தில் தனத்தின் கையும் அப்படியே நின்றது.

தேவயானி இரண்டு கோடு போட்டாள்.